கற்பனை நாட்டுக்கு ஒரு பழமைவாதி பிரதமர்: கதையில என்ன கொறையுதுன்னு சொல்லுங்

மேட்டாங்காட்டான்:
வணக்கமுங்க எல்லார்த்துக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பத்தான் மொத தடவ திரி ஆரம்பிக்கறேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க. காங்கேயத்துக்குப் பக்கம் மேட்டாங்காட்டுப் பண்ணையம், ரவைக்கு மும்முனை கரண்ட்டு எப்ப வரும்னு சாளையில காத்துட்டு ஒக்காந்திருக்கற நேரத்துல செல்லுலயே ஒரு தொடர்கதை எழுதிட்டிருக்கறனுங்க.

கதை என்னன்னா ஒரு தீவு நாடு, மேப்புல இல்லாதது, பேரு இன்னும் வெக்கல. அந்த நாட்டுப் பிரதமரு, பழமைவாதக் கட்சி, பொறந்ததுலருந்து கடைசி வரைக்கும் அவரு வாழ்க்கைதான் கதையே. அவருக்கும் பேரு அமையல, இப்போதைக்கு நம்மாளுன்னு வெச்சுக்கலாம். நம்மாளு தானிய மண்டிக்காரரு ஊட்ல மூணாவது பையன். வெளிநாட்டுல போயி வக்கீலுக்குப் படிக்கறாரு, 29 வயசுல எம்பி, 38ல விவசாய மந்திரி, 46ல பிரதமர். சபையில மொத்தம் 141 சீட்டு, அவரு கட்சிக்கு 68. ரெண்டு தடவ ஜெயிச்சு 9 வருசம் ஆள்றாரு. மூணாவது எலெக்சன்ல எதிர்க்கட்சிக்காரன் பொய்க்கேசு போட்டு ஜனங்கள ஏமாத்தி நம்மாளத் தோக்கடிச்சர்றான். கடைசி அத்தியாயத்துல கொட்டற மழையில நனைஞ்சுட்டே தனியா சொந்த ஊருக்கு நடந்து போறாரு. 40ல 31 அத்தியாயம் எழுதியாச்சு, இங்கயே சேத்திருக்கறனுங். ஆனா திருப்பிப் படிச்சா உப்பு போடாத அரிசிம்பருப்பு மாதிரி இருக்குதுங். என்ன கொறையுது?

தேங்காத்தொட்டி:
மொதல்ல கணக்கப் பாக்கலாமுங் தம்பி. 141ல 68 வெச்சுட்டு 9 வருசம் ஓட்டறதுக்கு உங்காளு என்ன மந்திரவாதியா, 71 வேணுமல்லோ. ஒண்ணு கூட்டணி வெய்யுங்க, இல்லாட்டி நாலு சீட்டு சேத்திப் போடுங்க, கதைதானுங்களே, காசா பணமா.

அப்பறம் பழமைவாதின்னு மூணு எடத்துல எழுதியிருக்கீங்க (நீங்க போட்டதுல மொத ஆறு அத்தியாயத்தப் படிச்சனுங்), ஆனா அந்தாளு எதை உடமாட்டேங்கறாருன்னு ஒரு எடத்துலயும் இல்லீங். எங்கப்பாரு இருந்தாரு, பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. கெணத்து மேட்டுல மாடு கட்டிக் கமலை எறைச்ச காலத்துக் கல்லு ரெண்டு கெடந்துது. மோட்டார் வந்து முப்பது வருசமாச்சு, அதைத் தூக்கிப் போடலாமுங்கன்னா ‘கெடந்துட்டுப் போகுதுடா, உன்னைய என்ன பண்ணுது’ம்பாரு. அதே ஆளுதான் எங்க ஊருக்கே மொதல்ல சொட்டுநீரு போட்டாரு, பைப்பு போடறவன் வெடியால வந்தா பொழுதோட வரைக்கும் கூடவே நின்னு பாத்தாரு. கல்லையும் எடுக்க உடமாட்டாரு, தண்ணியும் வீணாக உடமாட்டாரு. பழமைவாதின்னா எனக்கு அந்த மனுசன்தான் ஞாபகம் வாராரு. உங்காளு மேடையேறி நம் மரபு நம் பண்பாடுங்கறாரே தவுத்து கையில எதையும் புடிச்சுட்டு இல்ல.

மேட்டாங்காட்டான்:
சீட்டு 74 ஆக்கிட்டனுங். அந்தக் கமலைக் கல்ல எடுத்துக்கட்டுங்களா?

தேங்காத்தொட்டி:
எடுத்துக்குங்க, வாடகை கேக்கல.

ஓய்வு வாத்தியார்:
கண்ணு, 34 வருசம் சரித்திரம் நடத்துனவன் சொல்றேன், வைரத்த மொத அத்தியாயத்துலயே பொடக்காலில வீசிட்டு மிச்சம் முப்பது அத்தியாயமா கூழாங்கல்லு பொறுக்கிட்டிருக்கறே. மண்டிக்காரர் மகன்னு எழுதுனயே, அந்த மண்டி எங்க? ரெண்டாவது அத்தியாயத்துல கப்பலேறுனவன் அப்பறம் மண்டிப் பக்கமே வரல.

இங்கிலாந்துல ராபர்ட் பீல்னு ஒருத்தர், கேள்விப்பட்டிருப்பே, 1829ல லண்டன் போலீசை உண்டாக்குனவர், அங்க போலீசுக்கு பாபின்னு பேரு வந்ததே அவராலதான். 1788ல பொறந்தவர், அப்பன் பெரிய பருத்தி மில்லு மொதலாளி, நம்ம கோயமுத்தூர் மில்லுக்காரங்களுக்கெல்லாம் மூத்த பங்காளின்னு வெச்சுக்க. ஆனா அவரு தலைமை தாங்குன பழமைவாதக் கட்சி முழுக்க நெலச்சுவாந்தாருங்க. அவங்க உசுரு ஒரு சட்டத்துல இருந்துது, தானியச் சட்டம். 1815ல போட்டது. உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் (அந்த ஊர் தானிய அளவு) 80 ஷில்லிங் வெலை தொடற வரைக்கும் வெளிநாட்டுக் கோதுமை உள்ளயே வரப்படாதுன்னு ஆரம்பிச்சாங்க, பின்னால விதிய மாத்தி மாத்தி வரியாக்கினாங்க, ஆனா நோக்கம் ஒண்ணுதான். காட்டுக்காரனுக்கு வெலை நிக்கும், ஆலைத் தொழிலாளிக்கு ரொட்டி எட்டாது. அந்தச் சட்டத்தைக் காப்பாத்தறேன்னு நம்பித்தான் அவருக்கு ஓட்டு போட்டு 1841ல பிரதமராக்குனாங்க.

1845ல அயர்லாந்துல உருளைக்கெழங்குல நோய் உழுந்துது. ஜனங்க பட்டினி. பீல் ரோசனை பண்ணிப் பாத்தாரு, எந்தச் சட்டத்தைக் காப்பாத்த வந்தாரோ அதையே 1846ல தூக்கறாரு. அவரு கட்சியில மூணுல ரெண்டு பங்கு எம்பிங்க அவருக்கு எதுத்து ஓட்டு போட்டாங்க, எதிர்க்கட்சிக்காரன் போட்ட ஓட்டுலதான் தீர்மானம் கரையேறுச்சு. ஜூன் 25, பிரபுக்கள் சபையில அந்த மசோதா ஜெயிக்குது, அதே நாள் ரவைக்கு கீழ்சபையில அயர்லாந்து சம்பந்தமான வேற ஒரு மசோதாவுல சொந்தக் கட்சிக்காரங்களே எதிர்க்கட்சியோட ஒட்டுக்கா சேந்து அவரைக் கவுத்தாங்க. நாலு நாள்ல ராஜினாமா. அன்னிக்கு ஒடஞ்ச கட்சி தனி மெஜாரிட்டி பாக்கறதுக்கு 1874 வரைக்கும் ஆச்சு, 28 வருசம். இன்னொண்ணு கேளு, பீலைக் கிழிகிழின்னு கிழிச்சுப் பேரு வாங்குனவன் டிஸ்ரேலி, அந்த டிஸ்ரேலியும் பொறகு பிரதமரானான், தானியச் சட்டத்த அவனும் திருப்பிக் கொண்டாரல.

உன்ற ஆளு தானிய மண்டிக்காரன் மகன். விவசாய மந்திரியா இருந்தவன். அவன் கையெழுத்துலயே வெளிநாட்டுத் தானியம் வந்து எறங்குனா அவங்கப்பன் மண்டிக்கு என்னாகும்? எழுது கண்ணு.

மேட்டாங்காட்டான்:
ஐயா, படிச்சுட்டு சித்த நேரம் எந்திரிச்சு கட்டுத்தரைப் பக்கம் போயி நின்னுட்டு வந்தனுங். ஆனா எதிர்க்கட்சிக்காரனோட பொய்க்கேசு எட்டு அத்தியாயம் எழுதிட்டேனே, அதை என்ன பண்றதுங்?

ஓய்வு வாத்தியார்:
மாட்டுக்குப் போடு.

பனியன்கம்பெனி:
சாமி இந்தக் கதையப் படிச்சுட்டு எனக்கு சிரிப்பும் வருது வயித்தெரிச்சலும் வருது, இது எங்கூட்டு சமாச்சாரமுங். எங்கண்ணன் அவிநாசிப் பக்கம் பருத்தி வெச்சிருந்தவரு, நான் திருப்பூர்ல சின்னதா ஜாப்வொர்க் யூனிட். 2021 பட்ஜெட்ல வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதம் வரி போட்டாங்களா, அடுத்த வருசத்துக்குள்ள நூல் வெலை எங்கயோ போயிருச்சு, ஆர்டர் எடுத்த வெலைக்கும் நூல் வாங்கற வெலைக்கும் சம்பந்தமே இல்ல, நாங்க கடையடைப்பு உண்ணாவிரதம்னு நிக்கறோம் வரிய எடுங்கன்னு. 2022 ஏப்ரல்ல கொஞ்ச மாசத்துக்கு எடுத்தாங்க. அந்த சித்திரையில நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன், எலை போட்டு ஒக்காந்தாச்சு, அண்ணன் ரசத்த ஊத்திக்கிட்டே ‘உங்க சங்கம் ஜெயிச்சுருச்சாமா’ன்னாரு. நான் ஆமாங்ணான்னேன். ‘எத்தன வருசங்கழிச்சு எனக்கு வெலைன்னு ஒண்ணு வந்துது தெரியுமா’ன்னு கேட்டுட்டு எந்திரிச்சு கை கழுவப் போயிட்டாரு, எலையில சோறு அப்படியே கெடக்குது. அண்ணி என்னையும் பாக்கல அவரையும் பாக்கல, பாயச போசிய எடுத்துட்டு உள்ள போயிருச்சு. அவரு சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி, நடுவுல ஒக்காந்து கையெழுத்துப் போடறவன் என்ன பண்ணுவான்.

தம்பி, உங்காளுக்கு மண்டியில ஒக்காந்திருக்கற அண்ணன் ரெண்டு பேரு இருக்கறாங்கல்லொ, மூணாவது பையன்னு நீங்கதான எழுதுனீங்க.

தேங்காத்தொட்டி:
பஞ்ச உடுங்க, பாமாயிலு? ரேசன்ல பாமாயில்தான் ஊத்தறாங்க, தேங்காயெண்ணெய் ஊத்துங்க ஊத்துங்கன்னு நாங்க எத்தன வருசமா கத்தறோம். இங்க வெள்ளை ஈயும் வாடல் நோயும் மரத்தத் தின்னுட்டிருக்குது. அந்தப் பீலு எங்கூர்ப் பக்கம் வந்தாருன்னா தொண்டுப்பட்டியில கட்டி வெச்சுருவோம்.

பனியன்கம்பெனி:
ஏனுங்ணா நூத்தியிருபது ரூவா கூலிக்காரன் ஊட்ல வடை சுடறதுக்கு உங்க வெலைக்கு எண்ணெய் வாங்குவானா? இதையெல்லாம் பேசறப்ப கரண்ட்டு மட்டும் ஓசியா வேணும்.

தேங்காத்தொட்டி:
நூத்தியிருபது ரூவாய்க்கு எந்த ஊர்லீங்க ஆளு வாரான், இருந்தா ரெண்டு பேரத் தாட்டி உடுங்க. ஓசிக் கரண்டுன்னு சொல்லாதீங்க. யூனிட்டுக்குப் பைசா ஏத்துனதுக்கு விவசாயிங்க சங்கத் தலைவரு நாராயணசாமி நாயுடு காலத்துல எங்க பெரியவங்க குண்டடி பட்டிருக்கறாங்க, 72ல கட்டை வண்டியெல்லாம் கொண்டாந்து கோயமுத்தூர் ரோட்டையே அடைச்சாங்க, சும்மா வந்ததில்ல அது.

அட்மின்:
கரண்ட்டு பில்லுக்குத் தனித் திரி இருக்கு. இங்க கதை.

செங்கோட்டுக்காரி:
நான் ஒண்ணு கேக்கட்டுங்களா, திருச்செங்கோட்டுல ஜூனியர் வக்கீல், கோர்ட்டு லீவுல ஒக்காந்து முழுசாப் படிச்சேன். தேங்காத்தொட்டி அண்ணன் சொன்ன கெணத்துக் கல்லு ரொம்ப அழகா இருக்குதுங்ணா. ஆனா அதே காலத்துல அந்தக் கெணத்துல யாரு தண்ணி சேந்தலாம், எந்த இட்டேரில யாரு செருப்பு போட்டு நடக்கலாம்ங்கறதும் பழைய வழக்கமாத்தான இருந்துது. அதையும் கெடந்துட்டுப் போகுதுன்னுதான் உட்டாங்க. பழமைவாதிய எழுதறீங்கன்னா ரெண்டையும் சேத்து எழுதுங்க, கல்ல மட்டும் எழுதுனா அது பெரியவங்க போட்டோவுக்குப் போடற மாலை மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணு, 31 அத்தியாயத்துல பொம்பளைங்க மொத்தமாப் பேசுன வசனம் எண்ணிப் பாத்தேன், 9. அதுல நாலு ‘சாப்பிட வாங்க’.

கொங்கு வெங்கம்:
[அட்மின் நீக்கியது]

கொங்கு வெங்கம்:
[அட்மின் நீக்கியது]

அட்மின்:
சாதிப் பெருமை பேசற எடம் இது இல்ல. அந்தக் கணக்கு ஒரு மாசம் முடக்கம்.

செங்கோட்டுக்காரி:
போச்சாது உடுங்க. சொல்ல வந்தத சொல்லிர்றேன். நீங்க தீவு நாடு வரைக்கும் போறீங்க, எங்கூருக்குப் பக்கத்துல குமாரமங்கலம் ஜமீன் இருந்துது. சுப்பராயன், ஆக்ஸ்போர்டுல படிச்சவரு, 1926லருந்து 30 வரைக்கும் சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரி, எந்தக் கட்சியும் இல்லாம சுயேச்சையா. அவரு மந்திரிசபையில இருந்தப்பதான் முத்தையா முதலியார் 1928ல, சர்க்கார் வேலைய சாதிவாரியாப் பிரிச்சுக் குடுக்கற வகுப்புவாரி உத்தரவ நடைமுறைக்குக் கொண்டாந்தாரு. சம்சாரம் ராதாபாய் மங்களூர்க்காரங்க, வேற சாதி, லண்டன்ல வட்டமேசை மாநாட்டுக்கே போனவங்க. சரி பிள்ளைங்கள பாருங்க, ஒரு பையன் நாட்டோட ராணுவத் தளபதி, 1966லருந்து 69 வரைக்கும். இன்னொரு பையன் மோகன் இங்கிலாந்து போயி படிச்சுட்டு கம்யூனிஸ்டாத் திரும்பி வாராரு. பொண்ணு பார்வதி, அவங்களும் கம்யூனிஸ்ட், நம்ம கோயமுத்தூருக்கே எம்பியா இருந்தவங்க. ஜமீந்தார் ஊட்டு சாப்பாட்டு மேசையில ஒரு பக்கம் மிலிட்டரி, ஒரு பக்கம் செங்கொடி. இதை யாராச்சும் கதையா எழுதுனா ‘ஓவரா இருக்குதுங்’கன்னு நாமளே சொல்லுவோம். உங்க பிரதமருக்கு ஒரு பொண்ணக் குடுங்க, அவ அப்பனுக்கு எதுத்த பெஞ்சுல ஒக்காரட்டும். சோறு போடறதுக்கு வேற ஆளு பாருங்க.

மேட்டாங்காட்டான்:
அக்கா, 9 வசனம்னு நீங்க எண்ணுனதப் படிச்சுட்டு எங்கூட்டுக்காரி ரெண்டு நாளா சிரிக்கறா. ‘சாப்பிட வாங்க’ன்னு மட்டும்தான் இப்ப எங்கிட்ட பேசறா.

ஓய்வு வாத்தியார்:
அம்மிணி சொல்றது நெசம். நானுமே பீலுக்குள்ளயே நின்னுட்டேன். பழமைவாதின்னு நம்ம பக்கத்துல பேசுனா ராஜாஜியச் சொல்லாம முடியாது. சேலத்துல வக்கீலா இருந்தவர், 1925ல திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் போட்டு கதர் நூத்தவர். 1937ல சென்னை மாகாணத்துக்குத் தலைமை, அப்ப அந்தப் பதவிக்குப் பேரே பிரதம மந்திரிதான், அதனால கண்ணு, பிரதமர் கதைக்கு நீ தீவுக்கே போயிருக்க வேண்டியதில்ல. வந்த வருசமே அக்டோபர் 1ந் தேதி சேலம் ஜில்லாவுல கள்ளுக்கடைய மூடுனாரு, அதுல போன வருமானத்துக்கு 1939ல விற்பனை வரி கொண்டாந்தாரு, இந்தியாவுலயே பொதுவா எல்லாச் சரக்குக்கும் போட்ட மொத விற்பனை வரி. இன்னிக்கு மளிகைக் கடையில நீ கட்டற வரிக்கெல்லாம் தாத்தன் அது. அதே மனுசன் இருபது வருசங்கழிச்சு 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு அரசாங்கம் யாவாரத்துல கை வெக்கப்படாதுன்னாரு. எல்லாரையும் ஒரே நூல்ல கோத்து எழுதப் பாக்காதே, மனுசன் முடிச்சு முடிச்சாத்தான் இருப்பான்.

அவரு உழுந்த கதையும் உனக்கு வேணும். 1953ல பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழிலப் பழகுன்னு ஒரு திட்டம், குலக்கல்வின்னு பேரு வாங்குச்சு. வெளிய பெரியாரும் திமுகவும் எதுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நாற்காலிய ஆட்டுனது உள்ள இருந்தவங்க, காங்கிரசு எம்எல்ஏக்களே. 1954ல ஒடம்பு சரியில்லன்னு எறங்குனாரு. அந்த எடத்துக்குப் போட்டி போட்டதுல ஒருத்தர் நம்ம பொள்ளாச்சி சி. சுப்பிரமணியம், ராஜாஜி பக்கத்து ஆளு. காமராஜர்கிட்ட தோத்துட்டாரு. தோத்தவரையே காமராஜர் மந்திரியாக்குனாரு, அடுத்த மாசம் அந்தக் கல்வித் திட்டம் வாபஸ்னு சபையில அறிவிச்சதும் அதே சி.எஸ். இந்த ஒரு மாசத்த மட்டும் எழுதுனாலே உனக்கு ஏழு அத்தியாயம் தேறும்.

என்ற பள்ளிக்கூடத்துல அந்தத் திட்டத்துல பாதி நாள் படிச்ச ஒரு பெரியவரு பியூனா இருந்தாரு, ‘எங்கய்யனுக்குத் தெரிஞ்ச தொழிலு செருப்புத் தெக்கறது, அதைப் பழகச் சொல்லி சர்க்கார் எனக்கு லீவு குடுத்துச்சுங் சார்’னு சிரிச்சுட்டே சொல்லுவாரு. அம்மிணி கேட்ட கேள்விக்கு அவருதான் பதிலு.

ஆத்தங்கரை:
கொடுமுடிங்க, இப்ப லண்டனுக்குப் பக்கம் வேலை. எல்லாரும் பழைய காலத்துலயே நிக்கறீங்களேன்னு வந்தேன், இங்கிலாந்துப் பிரதமரா இருந்த தாட்சர் அம்மாவ உட்டுட்டீங்க. மண்டிக்காரன் மகன்னா அந்தம்மாதான் கிட்டத்துல வருது. கிராந்தம்னு ஒரு ஊரு, அப்பன் மளிகைக் கடை, கடைக்கு மேல மாடியில குடித்தனம். படிச்சது கெமிஸ்ட்ரி, அப்பறம் வக்கீலு, 1959ல எம்பி. கல்வி மந்திரியா இருந்தப்ப ஏழு வயசுக்கு மேல புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்துட்டிருந்த பாலை நிறுத்துனாங்க, பால்புடுங்கின்னு பேரு ஒட்டிக்கிச்சு. சத்துணவு நாட்டுலருந்து வந்த எனக்கு அது இன்னும் செரிக்கல, அது வேற விசயம். 1979ல பிரதமர், மூணு எலெக்சன் ஜெயிச்சாங்க, ஒண்ணுல கூட எதிர்க்கட்சியால தோக்கடிக்க முடியல.

கவுத்தது ஆருன்னு பாருங்க. 1990ல ஆளுக்கு இத்தனைன்னு தலைவரி போட்டு நாடே கொதிக்குது. நவம்பர்ல அவங்க கூடவே பதினோரு வருசம் மந்திரிசபையில இருந்த ஜெஃப்ரி ஹவ் ராஜினாமா பண்ணிட்டு சபையில எந்திரிச்சுப் பேசறாரு. சத்தமே இல்லாம பேசற ஆளு. கிரிக்கெட்ல ஆட்டக்காரன் பேட்டிங் பண்ண எறங்குனதுக்கப்பறம் பாத்தா பேட்டு ஒடஞ்சிருக்குது, ஆட்டத்துக்கு முன்னாடியே ஒடச்சது டீம் கேப்டன்னு ஒரு ஒவமானம் சொன்னாரு பாருங்க, அங்கயே முடிஞ்சுது. ஒரு வாரத்துல கட்சிக்குள்ள ஓட்டெடுப்பு. அம்மாவுக்கு 204, எதுத்து நின்ன ஹெசல்டைனுக்கு 152. ஜெயிச்சாச்சுன்னுதான நெனைக்கறீங்க? இல்லீங், கட்சி விதிப்படி 15 சதம் கூட இருக்கோணும், நாலு ஓட்டு கொறைஞ்சு போச்சு. ஓட்டெடுப்பு அன்னிக்கு அந்தம்மா ஊர்லயே இல்ல, பாரிசுல மாநாடு. திரும்பி வந்து மந்திரிங்கள ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. பாதிக்கு மேல எல்லாரும் ஒரே பாட்டு, நான் உங்க பக்கந்தானுங்க, ஆனா நீங்க ஜெயிக்க மாட்டீங்க. மறுநா வெடியால வெலகிட்டாங்க.

ரகசிய ஓட்டுங்கறதால ஆரு போட்டாங்க ஆரு போடலைன்னு கடைசி வரைக்கும் கணக்கு வராது. தம்பி, உங்க பொய்க்கேசுல என்னங்க இருக்குது, சினிமால தெனம் வருது. கிட்ட இருக்கறவன் உங்க பக்கந்தானுங்கன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டுப் போற சத்தம், அதை எழுதுங்.

ஒரு துணுக்கு, உங்களுக்கு வேணும்னா வெச்சுக்குங்க. 1963ல டக்ளஸ்-ஹோம்னு ஒருத்தர் பிரதமரானப்ப பிரபுக்கள் சபையில இருந்தாரு. பட்டத்தைத் துறந்தாரு, இடைத்தேர்தல்ல ஜெயிக்கற வரைக்கும் ரெண்டு வாரத்துக்குக் கிட்ட எந்தச் சபையிலயும் உறுப்பினரே இல்லாத பிரதமர். நம்மூர்ல ஆறு மாசம் டைம் இருக்குது, நரசிம்மராவ் அப்படித்தான 91ல வந்தாரு.

பனியன்கம்பெனி:
204ம் 152ம் பாத்துட்டு தோத்தவங்கன்னு சொல்ற கணக்கு எங்க ஆடிட்டருக்குக் கூட வராதுங்.

மேட்டாங்காட்டான்:
ரெண்டு வாரமா வரமுடியல, மஞ்ச வெட்டு. மன்னிச்சுக்குங்க.

ஆத்தங்கரை சொன்னதப் படிச்சுட்டு எனக்கு வேற ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துருச்சு. சின்னப்பையனா இருந்தப்ப எங்கய்யன் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கு மாட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவாரு. காங்கேயம் காளைங்க வரிசையா நிக்கும், பனங்காட்டு நெழல்ல தரகரு ஒருத்தரு வாயில என்னமோ ஊர்க்கதை பேசிட்டு நிப்பாரு, மழை மாரி, உங்க ஒரம்பரைக்கு ஒடம்பு தேவலையான்னு. ஆனா வாங்கறவரு கையும் அவரு கையும் துண்டுக்குள்ள இருக்கும். வெலை துண்டுக்குள்ள. ஒரு வெரலு மடக்குனா ஒரு கணக்கு, ரெண்டு வெரலப் புடிச்சு அமுக்குனா வேற கணக்கு, சுத்தி நிக்கறவனுக்கு எதுவுமே தெரியாது. எங்கய்யன் ஒரு தடவ நாலு வருசம் வளத்துன காளைய அப்படித்தான் வித்தாரு. நான் அவரு மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன், சிரிச்சுட்டுத்தான் பேசிட்டிருந்தாரு, துண்டு ஆடுனதப் பாத்துட்டு ஆயிருச்சு போலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். கயித்த மாத்திக் குடுக்கறப்பத்தான் கண்ணு கலங்குச்சு.

எட்டு அத்தியாயத்த அழிச்சுட்டனுங். ஒண்ணே ஒண்ணு புதுசா எழுதியிருக்கறேன், போடறேன், திட்டறதுன்னா கொஞ்சம் பாத்துத் திட்டுங்.

‘கப்பல் எறங்கி பதினோரு நாளாச்சு. பெரியண்ணன் மண்டிக்குப் பூட்டு போட்டுட்டு சாவியத் தபால்ல அனுப்பியிருந்தாரு, கடுதாசி ஒண்ணும் இல்ல, சாவி மட்டும். அது மேசை மேல கெடந்துது, பக்கத்துல அப்பனோட குத்தூசி. சின்ன வயசுல மூட்டையில அதைக் குத்தி இழுத்தா காடியில நாலு மணி தானியம் வரும், அப்பன் அதுல ஒண்ணக் கடிச்சுப் பாத்துட்டு, அடிமூட்டையில ஈரம் இருக்குதும்பாரு, மேல தொட்டே பாக்க மாட்டாரு.

அவரையும் சேத்து எழுபத்திநாலு பேருல எழுபத்தியொரு பேரப் பாத்தாச்சு. எல்லாரும் உங்க பக்கந்தானுங்க. எழுபத்திரெண்டாவதா மக வந்தா. அவ ஒக்காரல. ‘நான் நாளைக்கு உங்களுக்கு எதுத்துத்தான் போடுவேன், கதவுக்கு வெளிய நின்னு சொன்னா நல்லாருக்காதுன்னு உள்ள வந்தேன்’னா. அவரு தலையாட்டுனாரு. மத்தியானத்துலருந்து அந்த ரூம்ல பேசுன ஒரே நெசம் அதுதான்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுது. கப்பலப் பத்திக் கேக்கலாம்னு வாயெடுத்தாரு, அதுக்குள்ள அவ போயிட்டா.

கடைசியா விவசாய மந்திரி. இருபது வருசச் சிநேகிதன், இவரு உட்டுட்டு வந்த நாற்காலியில இவராலயே ஒக்காந்தவன். வந்ததும் வெளிய மழை வருமாட்ட இருக்குதுன்னான். பசங்க நல்லா இருக்கறாங்களான்னான். அவரு தோள்ல இருந்த துண்ட எடுத்தாரு, மேசை மேல கைய நீட்டி அது மேல போட்டாரு. மந்திரிக்குப் புரியறதுக்குச் சித்த நேரமாச்சு, அவனும் சந்தையில வளந்தவன். கைய உள்ள உட்டான். வாயி பாட்டுக்கு ‘நாங்கெல்லாம் இருக்கறமுங்க, நீங்க எதுக்கு வெசனப்படறீங்க’ன்னுட்டே இருந்துது. உள்ள அவன் வெரலு நாலும் மடங்குச்சு, மெதுவா, ஒண்ணு ஒண்ணா. இவரு எண்ணுனாரு. அப்பறம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு, காப்பி சாப்பிட்டுட்டுப் போன்னாரு.’

செங்கோட்டுக்காரி:
அந்தப் பொண்ணு உள்ள வந்து சொல்லிட்டுப் போறா பாருங்க, அதுக்கு ஒரு கும்புடு. உங்கூட்டுக்காரிகிட்ட சொல்லுங்க, 10வது வசனம் வந்துருச்சுன்னு.

பனியன்கம்பெனி:
சாவிய மட்டும் அனுப்புனது. எங்கண்ணனா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பாரு. இந்த வாரம் ஊருக்குப் போறனுங்.

ஓய்வு வாத்தியார்:
நாலு வெரலும் மடங்குனா என்ன கணக்குன்னு எழுதாம உட்டயே, அப்படியே இருக்கட்டும். ஒரு சந்தேகம். தானியம் எறங்குன பொறகு மண்டி பூட்டறதுக்குப் பதினோரு நாள் பத்தாது, வெலை சரிய ஒரு மாசமாச்சும் ஆகும். அதை மட்டும் திருத்து.

ஆத்தங்கரை:
தீவு நாட்டுப் பிரதமரு தோள்ல துண்டு எப்படிங் வந்துது?

மேட்டாங்காட்டான்:
எங்கய்யனோடதுங். ஒரு மாசமாக்கிட்டேன் ஐயா.

தேங்காத்தொட்டி:
எல்லாம் செரி, என்ற கமலைக் கல்லு எங்க? அப்பறம் கடைசியில நனைஞ்சுட்டே நடந்து போவாரே, அந்த மழை என்னாச்சு?

மேட்டாங்காட்டான்:
கல்லு 33ல வருதுங்ணா, அவங்கப்பன் சாகறப்ப. மழைய எடுத்துட்டேன், இங்கயே ரெண்டு மாசமாப் பேயல, அங்க மட்டும் எப்படிங் பேயும். கரண்ட்டு வந்துருச்சு, மோட்டார் போட்டுட்டு வாரனுங்.